பென்சிலில் போட்ட பெருக்கல் குறி

பதினாறு வருடம் அரசு அலுவலக ஜீப் ஓட்டியவன் நான். 2019இல் செக்கானூரணி தாண்டி நடந்த விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் தையல் பிரித்த மூன்றாம் நாள், அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ், கூடவே ஒரு பேப்பர்.

'உடல்நிலை காரணமாகப் பணியில் தொடர இயலாததால் விருப்ப ஓய்வு அளிக்குமாறு' என்று எல்லாம் டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. "கால் இல்லாம எப்படிண்ணே வண்டி ஓட்டுவீங்க? சீக்கிரம் குடுத்தா பணமாவது சீக்கிரம் வரும்" என்றார் ஒருவர். அவர் கெட்ட மனிதர் இல்லை, உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் பேனாவைக் கேட்டேன். என் மனைவிதான், "மருந்து மயக்கத்துல இருக்காரு, நாளைக்கு வாங்க" என்று பேப்பரை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் தம்பிக்குத் துணையாக இருந்தவர் பழைய தொழிற்சங்கக்காரர். அன்று ராத்திரி அவர் சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4). பணியில் இருக்கும்போது ஊனமான ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவியிறக்கவும் கூடாது. பார்த்த வேலையைப் பார்க்க முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில், அதே பணிப் பலன்களோடு வேறு வேலை தர வேண்டும். அப்படி இடம் இல்லையென்றால், கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம்.

ஊனச் சான்றிதழ் நகலோடு ஒரே ஒரு பக்கத்தில் மனு எழுதி, ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டரை மாதம் பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பியதும் பதிவறைக்கு மாற்றி உத்தரவு வந்தது, சம்பளம் ஒரு ரூபாய் குறையாமல். ஆனால் பதிவறை மாடியில் இருந்தது. செயற்கைக் காலோடு இருபத்திரண்டு படி. ஒரு வாரம் ஏறினேன், காலில் புண் வந்துவிட்டது. ஊழியருக்குத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும் என்று அதே பிரிவு 20 சொல்வதைக் காட்டி மறுபடி எழுதினேன். அப்புறம்தான் மேசை கீழே வந்தது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் வரிசையில் உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவரைப் பார்த்தேன். அரசு வேலை, பார்வை போய்விட்டது. ஏற்கெனவே ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். "இனிமே ஒன்னும் செய்ய முடியாதுல்லண்ணே?" என்று கேட்டார்.

முடியும். பஞ்சாப் மின்வாரியத்தில் பகவான் தாஸ் என்ற ஊழியர் பார்வை இழந்து, தானே ஓய்வு கேட்டுக் கடிதம் கொடுத்தார். 1995ஆம் வருடத்துப் பழைய சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. அது அவருக்குத் தெரியாது. தன் உரிமை தெரியாமல் கொடுத்த கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவரை அனுப்பியது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2008இல் அவருக்குத் திரும்ப வேலை கொடுக்கச் சொன்னது.

அந்தத் தீர்ப்பை அந்தத் தம்பிக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருகிறார், மனு எழுத.