சூரியகாந்தி விதைக்கு வரும் கிரீன்ஃபிஞ்ச் குருவி சோர்ந்திருக்கிறது

கேள்வி: இங்கிலாந்தில் எங்கள் தோட்டத்து விதைக்கூண்டுக்கு வரும் கிரீன்ஃபிஞ்ச் ஒன்று, இரண்டு நாள்களாக இறகைச் சிலிர்த்தபடி, விதையை விழுங்க இயலாமல், அருகில் சென்றாலும் பறக்காமல் அமர்ந்திருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இவை டிரைக்கோமோனாசிஸ் நோயின் அறிகுறிகளை ஒத்திருக்கின்றன. தொண்டையைத் தாக்கி இந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி, எச்சில் பட்ட தீவனத்தாலும் நீராலும் பரவுவதால், தீவனம் வைப்பதைச் சில வாரங்களுக்கு நிறுத்துங்கள். பிரிட்டனில் 2005இல் ஃபிஞ்ச் குருவிகளிடையே தோன்றிய இந்நோயால் கிரீன்ஃபிஞ்ச் இனம் பெருமளவு குறைந்து, 2021இல், பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மற்றொருவர்: நீர்த்தொட்டியையும் காலி செய்யுங்கள். ஒட்டுண்ணி ஈரத்தில்தான் பிழைக்கும் என்பதால், கழுவியபின் நன்றாக உலரவிடுங்கள்.

கேட்டவர்: எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். மற்றக் குருவிகள் பசியால் வாடுமோ என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

பதில்: கவலை வேண்டாம், அவை கலைந்து சென்று வேறிடத்தில் இரை தேடிக்கொள்ளும்.