மட்டக்களப்பிலிருந்து பூட்டான்: செலவும் வழியும்?

கல்லடி வாசகி: ஏப்ரலில் நாங்கள் ரெண்டு பேரும் 8 வயது மகளும் 5 இரவு போக யோசிக்கிறம். விசா, டிக்கெட் எப்படி? பாறை மலையில இருக்கிற தக்ஸாங் பௌத்த மடத்துக்குப் பிள்ளை ஏறுவாளா?

அக்கரைப்பற்று: தங்கச்சி, இலங்கையருக்கு விசா கட்டாயம், ஒன்லைனில் போடலாம். ஆளுக்கு 40 டொலர். அதோட அரச கட்டணம் இரவுக்குப் பெரியாளுக்கு 100, 6 முதல் 12 வயதுக்குட்பட்ட சிறுவருக்குப் பாதி. உங்களுக்கு மொத்தம் 1,370 டொலர். ஹோட்டல், வழிகாட்டி, வாகனம், டிக்கெட் எல்லாம் வேற.

கட்டுநாயக்காவிலிருந்து பேங்கொக் அல்லது டெல்லி போய், பூட்டானின் விமான நிலையம் இருக்கிற பாரோவுக்கு விமானம் மாறணும். ரெண்டு டிக்கெட்டும் தனித்தனியா எடுத்தால் பொதியை வெளியில வந்து எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டிவரும். டெல்லியெண்டால் அதுக்கு இந்திய விசாவும் வேணும். பாரோவில் மலைக்கு நடுவில விமானி கண்ணால பார்த்துத்தான் இறக்குவார், பகலில் மட்டும். முகில் மூடினால் தாமதம். திரும்பும்போது இடையில ஓர் இரவு கட்டாயம் விடுங்க.

களுவாஞ்சிக்குடி: தக்ஸாங் 3,120 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து போற நமக்கு முதல் நாளே ஏறினால் தலையிடி, வாந்தி வரலாம். கடைசி நாளுக்கு வையுங்க. குதிரை பாதிவழிச் சிற்றுண்டிச்சாலை வரைக்கும்தான், இறங்குறது நடந்துதான். உள்ளே பை, போன் விடமாட்டாங்க. முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை போடுங்க, தொப்பியைக் கழற்றணும். மகள் நடக்கப் பழகினவளெண்டால் மெதுவா ஏறுவாள், காலை 8 மணிக்கு முன்னம் தொடங்குங்க.