புதுப்பிப்பு: நடு இரவில் தானாக எழுந்த கணினி – ஆள் சிக்கிவிட்டது

ஸ்லீப்பில் போட்ட மேசைக் கணினி, இரவு இரண்டு மணிக்குத் தானாக எழுந்து ஃபேனைச் சுற்றுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா?

கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளைத் தட்டும் விண்டோஸ் ஜன்னல்) 'பவர்சிஎஃப்ஜி'யோடு 'லாஸ்ட்வேக்' சேர்த்துக் கொடுத்தால் (powercfg /lastwake), கடைசியாக எழுப்பியது எது என்று விண்டோஸே சொல்லிவிடுகிறது. எனக்கு யுஎஸ்பி என்று வந்தது. அன்றிரவு யுஎஸ்பியில் செருகியிருந்த மவுஸைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். விடியும்வரை சத்தமே இல்லை. பளபளப்பான மேசை, ஆப்டிகல் மவுஸ், லேசான அதிர்வு. அதையே மவுஸ் அசைவு என்று எடுத்துக்கொண்டு கணினியை எழுப்பியிருக்கிறது, அவ்வளவுதான் போல! டிவைஸ் மேனேஜரில் (இணைத்த கருவிகளை விண்டோஸ் பட்டியலிடும் இடம்) மவுஸின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், கணினியை எழுப்பும் அனுமதிக்கான டிக்கை எடுத்துவிட்டேன். இப்போது கீபோர்டைத் தட்டினால்தான் எழுகிறது.

அப்புறம், ஸ்லீப்பும் ஹைபர்னேட்டும் ஒன்றுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. ஸ்லீப்பில் நம் வேலை ரேமில், அதாவது தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. அதற்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் சேமிக்காதது போச்சு. ஹைபர்னேட்டில் ரேமில் உள்ளதெல்லாம் டிஸ்க்கில் எழுதப்பட்ட பிறகே கணினி அணைகிறது; பிளக்கையே பிடுங்கலாம். எழ மட்டும் கொஞ்சம் நேரமாகும். யுபிஎஸ் இல்லாத என் வீட்டில் இரவுக்கு இனி அதுதான்.