ஐ.பி.எஸ். (IBS, எரிச்சல் குடல் நோய்) இருப்பவர்களுக்கு அடிக்கடி ஒன்னுக்கு முட்டுவது: அனுபவப் பகிர்வு

ஆய்வகப் பணியாளர், கோரிப்பாளையம், மதுரை

வெயில் ஏறிவிட்டால் "சூடு பிடிச்சிருச்சு, அரை மணிக்கொருக்கா போக வேண்டியிருக்கு" என்று நிறையப் பேர் வருவார்கள். பலருக்குக் கிருமியே இருக்காது. கேட்டால் உப்புசம், ஒருநாள் மலச்சிக்கல், ஒருநாள் போக்கு என்று வருஷக்கணக்கில் சொல்வார்கள். ஆனாலும் கல்ச்சர் (மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்காமல் கிருமி இல்லை என்று நினைக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கை ரெண்டு வேளை போட்டுவிட்டு வந்தால் அந்தப் பரிசோதனை வீண். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பாட்டிலை வண்டிப் பெட்டியில் வைத்து வெயிலில் கொண்டுவந்தால் வழியிலேயே கிருமி பெருகி, இல்லாத தொற்றைக் காட்டும். ஆய்வகத்துக்கு வந்தே எடுத்துக் கொடுங்கள்.

செவிலியர், அண்ணா நகர்

கல்ச்சரில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்து மூன்று நாள் கணக்கு. 500 மில்லி அளவுக் குவளை ஒன்று போதும். குடித்த நேரம், அளவு, போன நேரம், அளவு, எவ்வளவு அவசரம், இத்தனையும் எழுத வேண்டும். வெளிக்கிப் போன நேரத்தையும் அதே தாளில் குறியுங்கள். அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு நாள் மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினால் மூத்திரப்பையை விட்டுவிட்டு முதலில் சர்க்கரையைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 300 மில்லிக்கு மேல் என்றால் குடிப்பது அதிகமாக இருக்கலாம். 50, 100 மில்லிதான் வருகிறது, ஆனால் அடக்க முடியவில்லை என்றால் பை கூச்சப்படுகிறது, அல்லது முழுசாகக் காலியாகவில்லை. போன உடனே ஸ்கேன் எடுத்தால் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்துவிடும். வெளிக்கிப் போகாத நாளில் எண்ணிக்கை கூடுகிறதா? நிறைந்த மலக்குடல் பையை நெரிக்கிறது. போக்கு நாளிலும் கூடுகிறதென்றால் நரம்பு வழியைச் சந்தேகிக்கலாம். கீழ்க்குடலுக்கும் மூத்திரப்பைக்கும் முதுகுத்தண்டின் அடியில் எஸ்2 முதல் எஸ்4 வரை என்று எண்ணிட்ட நரம்புகள் கிளம்பும் ஒரே இடத்தில்தான் தொடர்பு. ஒன்று கொந்தளித்தால் மற்றதும் கூசும்.

மருந்தாளுநர், சிம்மக்கல்

வயிற்றுக்கு ஒரு டாக்டர், ஒன்னுக்குக்கு ஒரு டாக்டர் என்று போய், இரண்டு சீட்டையும் தனித்தனிக் கடையில் வாங்குவதில்தான் பிரச்சினையே. மூத்திரப்பையை அடக்கும் ஆக்சிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனாசின் எல்லாம் குடலின் அசைவையும் குறைக்கும். சிக்கல் வகை ஐ.பி.எஸ். உள்ளவருக்கு மலம் இறுகி, அது பையை அழுத்தி, ஒன்னுக்கு இன்னும் கூடும். வயிற்றுப் பிடிப்புக்கு டைசைக்ளோமினும் சேர்ந்தால் வாய் உலரும். புராஸ்டேட் வீங்கிய பெரியவர்களுக்கு ஒன்னுக்கே அடைத்துவிடலாம். மலச்சிக்கல் உள்ளவர்கள், பையை அடக்கும் வேறு வகை மருந்தான மிராபெக்ரான் ஒத்துவருமா என்று கேளுங்கள், பிரஷரைப் பார்த்த பிறகு. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே ஒன்னுக்கைக் கூட்டும். அதைச் சொல்லாமல் டாக்டருக்கு எப்படித் தெரியும்? இரண்டு சீட்டையும் ஒரே பையில் வைத்து இருவரிடமும் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

உணவு ஆலோசகர், கே.கே. நகர்

முதலில் மலத்தைச் சீராக்குங்கள். இசப்கோல் ஒரு டீஸ்பூனில் தொடங்கி, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் மூன்று ஸ்பூன் போட்டால் வயிறு ஊதும். கோதுமைத் தவிடு வேண்டாம், உப்புசத்தைக் கூட்டும்.

ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் மைதா, வெங்காயம், பூண்டு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. குடலில் புளித்து வாயு கட்டுவது அதனால்தான். பாலில் செய்யும் ஜிகர்தண்டா, பால்சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அன்றைக்கே தெரியும். பூண்டு மணம் வேண்டுமென்றால் முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்து எறிந்துவிட்டு எண்ணெயை மட்டும் சேருங்கள். பூண்டில் தொந்தரவு தரும் சர்க்கரைச் சத்து எண்ணெயில் கரையாது. இந்தக் கட்டுப்பாடு நாலிலிருந்து ஆறு வாரம்தான், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். டீ, காபி, கோலாவைக் குறைத்தால் பைக்கு நல்லது.

பஸ்ஸில் போகணுமே என்று தண்ணீரைக் குறைப்பது இங்கே எல்லாரும் செய்வது. மாட்டுத்தாவணியில் ஏறும் முன் காலையிலிருந்து பட்டினி. மூத்திரம் அடர்ந்து பையை அரிக்கும், மலமும் இறுகும். பகலில் பிரித்துக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்துங்கள்.

பிசியோதெரபிஸ்ட், திருநகர்

"எதற்கும் ஒரு தடவை போயிட்டு வந்துருவோம்" என்ற பழக்கம் பையைச் சுருக்கிப் பழக்கும். கணக்கில் ஒரு மணிக்கொரு முறை என்று வந்தால் அங்கிருந்தே தொடங்கி, வாரம் 15 நிமிடம் தள்ளுங்கள். 3 மணி நேரம் வந்தால் போதும். முட்டும்போது ஓடாதீர்கள். உட்கார்ந்து, அடித்தசையை (ஒன்னுக்கை அடக்க இறுக்கும் தசை) ஐந்தாறு தடவை சட்டென்று இறுக்கி விடுங்கள். அலை தணிந்ததும் நடந்து போங்கள்.

செவிலியர், அண்ணா நகர்

ஒன்று விட்டுப்போனது. 50 வயது தாண்டிய அக்காமார், அம்மாமார்களுக்குப் புதிதாக உப்புசமும் அடிக்கடி ஒன்னுக்கும் சேர்ந்து வந்தால் ஐ.பி.எஸ். என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். அந்த வயதில் ஐ.பி.எஸ். முதன்முறையாகத் தொடங்குவது அரிது. சினைப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். வயிற்று ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். மலத்திலோ மூத்திரத்திலோ ரத்தம், எடை குறைவு, தூக்கத்தை எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் எந்த வயதானாலும் தள்ளிப்போடாதீர்கள். தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போய் ஒன்னுக்குக் கட்டுப்பாடு போனால் அன்றைக்கே அவசரப் பிரிவு.