பொருள்: ‘குளோஸ் ரீடிங்’ – நுண்வாசிப்பா, ஊன்றுவாசிப்பா?

நிலாவெளியிலிருந்து:

வணக்கம். ஒரு மூலத்தைச் சொல் சொல்லாகக் கவனித்து வாசிக்கும் ‘குளோஸ் ரீடிங்’ (close reading) என்பதை ‘நெருங்கிய வாசிப்பு’ என்று எழுதக் காண்கிறோம். நெருங்கிய உறவு உண்டு. நெருங்கிய வாசிப்பு என்று யாரும் பேசுவதில்லை. ‘நுண்வாசிப்பு’ போதாதா? பெயர் ஏன் முக்கியம்? கலைப்பட்டதாரிக்கு என்ன தெரியும் என்று கேட்டால் தமிழ், வரலாறு என்று பாடப் பெயரைத்தான் ஒப்பிக்கிறோம். அவருக்குச் செய்யத் தெரிந்த வேலைக்குப் பெயரில்லை. பெயரில்லாத வேலைக்குப் பரீட்சையில் புள்ளியும் இல்லை.

உவர்மலையிலிருந்து:

வணக்கம் சேர். ‘நுண்’ என்றதும் நுண்ணுயிர், நுண்கடன் என்று ‘சிறியது’தான் முன்னே வருகிறது. ‘ஊன்றிப் படி’ என்பது வீட்டிலேயே வழங்குவது. ஆகவே ஊன்றுவாசிப்பு.

திருகோணமலை பிரட்றிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயலோடு நிற்கும் கல்வெட்டுக் கல்லையே பயிற்சிக்கு எடுக்கலாம். அதில் ‘பறங்கி’ (போர்த்துக்கேயர்) தெரிகிறது. அடுத்த வரியில் ‘க்கவே’ மட்டும். ‘பிரி’ என்று நிரப்பினால் பறங்கி கோயில் திருப்பணியைக் குலைத்தான். ‘பிடி’ என்று நிரப்பினால் கைப்பற்றினான். இந்தக் கல்லின் வாசகம் என்று ஊரில் பாடமாக வழங்கும் பாட்டில் வரும் ‘பூனைக்கண்’ கல்லில் இல்லவே இல்லை. முதல் அரை மணித்தியாலம் தெரியும் எழுத்துகளை மட்டும் படியெடுக்கவேண்டும், சிதைந்த இடத்துக்குப் புள்ளிக்குறி. பிறகு ஊகத்தைப் பகர அடைப்புக்குள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம். பிழைக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: பாட்டு முன்பே தெரிந்த பிள்ளை கல்லைப் பார்க்காமல் பாட்டை எழுதிவிடும். ஆகவே பாட்டைக் கடைசியில்தான் கொடுக்கவேண்டும்.

நிலாவெளியிலிருந்து:

ரீச்சர், நுண்பொருள், நுண்மாண் நுழைபுலம் எல்லாம் சிறுமையா? அந்த வாதத்தை ஏற்கமாட்டேன். நன்னூல் உரைக்குச் சொல்லும் பதினான்கு கூறுகளில் முதலாவது ‘பாடம்’. மூலத்தை உறுதிசெய்த பிறகே கருத்து. உங்கள் கல் பயிற்சியும் அதே வரிசைதான். அந்த மரபிலிருந்தே சொல் எடுக்கலாமே என்றால், ‘உரைவாசிப்பு’ உரைநூலை வாசிப்பதாகிவிடும்.

ஆனால் வேறொரு காரணத்துக்காக உங்கள் பக்கம் சாய்கிறேன். கற்றல் பேறுகளை (பாடம் முடிய மாணவர் செய்யக்கூடியவற்றை) வினைச்சொல்லில் எழுதவேண்டும். ‘ஊன்றி வாசிப்பார்’ என்று எழுதலாம். ‘நுண்வாசிப்பார்’ நாக்கில் நிற்காது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாட அளவான ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை 15 போக மீதி 35 நோட்ஸ் பாடமாக்குவதில் கரைகிறது. அந்த 35-இல் பத்தையாவது இதற்கு ஒதுக்கி, 20 புள்ளியில் படியெடுப்புக்கு 8, காரணங்களுக்கு 12 என்று வைக்கலாம். முடிவு ‘சரியா’ என்பதற்குப் புள்ளி வேண்டாம். வைத்தால் எல்லாரும் ஒரே விடையைப் பாடமாக்குவார்கள்.

உவர்மலையிலிருந்து:

8–12 சரி. ஊகமே எழுதாமல் புள்ளிக்குறியோடு விட்ட பிள்ளைக்கு? ‘இங்கே நிரப்ப ஆதாரமில்லை’ என்று காரணம் எழுதியிருந்தால் அதற்கும் முழுப்புள்ளி வேண்டும். சொல்லை ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதுவோம்: ஊன்றுவாசிப்பு. பிரித்தால் ‘ஊன்று’ ஏவலாகிவிடும்.