மறு: டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் – ‘தெரிவெண்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ‘டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்’ (சுருக்கமாக ‘டிஎஃப்’) என்பது, ஒரு கணக்கில் உள்ள கட்டுகள் போக, நம் விருப்பப்படி மாறக்கூடியவை எத்தனை என்று சொல்லும் எண். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் நூலில் ‘சுதந்திர இயக்கக் கூறுகள்’ ஏற்கெனவே இருக்கிறதே, எல்லாப் பாடத்துக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

இயற்பியலோடு நின்றால் வைத்துக்கொள்ளலாம் ஐயா. வாயு மூலக்கூறு எத்தனை விதமாக நகரும், சுழலும் என்று எண்ணுகிற இடத்தில் ‘இயக்கம்’ அழகாகப் பொருந்துகிறது. ஆனால் நம் கேள்வி புள்ளியியல் கணக்கிலிருந்து கிளம்பியது, அங்கே எதுவும் இயங்குவதில்லை. வேதியியலுக்குப் போனால் இன்னும் சிக்கல். கிப்ஸின் நிலைமை விதியில் (திட, திரவ, வாயு நிலைமைகள் சேர்ந்திருப்பது பற்றிய விதி) ‘கூறு’ என்பது வேறொன்றின் பெயர், அதாவது அந்தக் கலவையில் உள்ள நீர், உப்பு போன்ற தனித்தனிப் பொருள். ‘கூறுகளின் எண்ணிக்கையைக் கொண்டு சுதந்திர இயக்கக் கூறுகளைக் கண்டுபிடி’ என்று வினாத்தாளில் வந்தால் பிள்ளைகள் நம்மைத்தான் திட்டுவார்கள்.

> சிங்கப்பூரில் பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தானே நடக்கிறது, இதற்குத் தமிழ் எதற்கு?

தம்பி கேட்டது நியாயம்தான். இங்கே பள்ளியில் தமிழ் தாய்மொழிப் பாடத்தோடு சரி. ஆனால் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் ஞாயிறு மாலை நாங்கள் சிலர் சேர்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், வருகிறவர்களில் பாதிப்பேர் ஊரிலிருந்து வேலைக்கு வந்து இங்கே பகுதிநேரப் பட்டயம் படிப்பவர்கள், மீதி பாலிடெக்னிக், பல்கலைக்கழகப் பிள்ளைகள். தாளில் எழுதுவது எல்லாம் ஆங்கிலம். ‘ஏன் ஒன்றைக் கழிக்கிறோம்?’ என்ற கேள்வி மட்டும் எப்போதும் தமிழில்தான் வருகிறது, அதற்குப் பதிலும் தமிழில்தான் சொல்கிறோம், சொல்லும்போது நடுவில் ‘டிஎஃப்’ என்று இரண்டெழுத்தை வைத்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த இரண்டெழுத்து யாருக்கும் எதையும் சொல்வதில்லை. அட்டவணையின் இடது ஓரத்தில் இருக்கும் ஒரு எண், ‘எண்ணிக்கையில் ஒன்றைக் கழி’, அவ்வளவுதான் மனத்தில் நிற்கிறது.

அந்த மனப்பாடம் எங்கே கவிழ்க்கும் என்று காட்ட ஒரு உயிரியல் கணக்கு போடுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், என் வாதம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

முதலில் எளிதான ஒன்று. மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கு. மொத்தம் 556 விதைகள்: உருண்டை மஞ்சள் 315, உருண்டை பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. ஒன்பதுக்கு மூன்றுக்கு மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் சரியானால் 312.75, 104.25, 104.25, 34.75 வர வேண்டும். கை-ஸ்குவேர் (கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள விலகலை அளக்கும் எண்) போட்டால் 0.47. நான்கு வகை, மொத்தம் மட்டும் கட்டிப்போட்டது, மூன்று பெட்டியை நிரப்பினால் நான்காவது தானாக விழும். ஆகவே டிஎஃப் மூன்று. அட்டவணையில் 5 சதவீத எல்லை 7.815, அதைத் தாண்டினால்தான் பொருந்தவில்லை என்போம். விகிதம் பொருந்துகிறது. இங்கே ‘ஒன்றைக் கழி’ வேலை செய்துவிட்டது.

அடுத்தது ஹார்டி–வைன்பெர்க் சமநிலை: ஒரு மரபணு வகையின் பங்கு தெரிந்தால், எந்தச் சேர்க்கை எத்தனை பேரிடம் இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி. நூறு பேரைச் சோதித்ததில் ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் பெரிய வகையாக உள்ளவர்கள் 30, கலப்பு 40, இரண்டும் சிறிய வகை 30 என்று வைத்துக்கொள்வோம். பெரிய வகையின் பங்கு 0.5. சமநிலையில் இருந்தால் 25, 50, 25 வர வேண்டும். கை-ஸ்குவேர் 1 + 2 + 1, ஆக 4. இப்போது மூன்று வகை, ஒன்றைக் கழித்தால் இரண்டு, எல்லை 5.991, நான்கு அதற்குள் இருக்கிறது, மக்கள்தொகை சமநிலையில் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறார்கள். தவறு. அந்த 0.5 எங்கிருந்து வந்தது? இதே நூறு பேரிலிருந்து எடுத்தது. மொத்தம் ஒரு கட்டு, பங்கு இன்னொரு கட்டு. மிஞ்சுவது ஒன்றுதான், எல்லை 3.841, நான்கு அதைத் தாண்டிவிட்டது. முடிவு தலைகீழ். மெண்டல் கணக்கில் விகிதம் கொள்கையிலிருந்து வந்தது, தரவிலிருந்து எடுக்கவில்லை, அதனால்தான் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

இதில் பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கை-ஸ்குவேர் சோதனையை 1900இல் கொண்டுவந்த கார்ல் பியர்சனே இந்த இடத்தில் சறுக்கியவர். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் நான்கு பெட்டி, ஒன்றைக் கழித்து மூன்று என்றார். 1922இல் புள்ளியியலாளர் ஃபிஷர் வந்து, ஓரத்துக் கூட்டுத்தொகைகளையும் தரவிலிருந்தே எடுத்தீர்கள் அல்லவா, அப்படியானால் ஒரு பெட்டியை நிரப்பியதும் மற்ற மூன்றும் முடிவாகிவிடுமே என்று காட்டினார். பியர்சன் அதை லேசில் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆக, எத்தனை கட்டு விழுந்திருக்கிறது என்று மாணவரை எண்ண வைக்கிற சொல்தான் எனக்கு வேண்டும். அகராதியில் அழகாக உட்கார்ந்திருப்பது இரண்டாம் பட்சம்.

இந்தக் கண்ணோடு நேற்றுவரை வந்த பரிந்துரைகளைப் பார்க்கிறேன்.

‘வரையற்ற பாகை’ போன்றவை. பாகை என்றதும் கோணமானியும் வெப்பமானியும்தான் நினைவுக்கு வருகின்றன, ‘அண்ணே, இது எத்தனை டிகிரி?’ என்று ஆங்கிலத்திலேயே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் குழப்பத்தை நாம் வேறு தமிழுக்கு இறக்குமதி செய்ய வேண்டாம். ‘விடுதலைப் படி’: விடுதலை என்றால் இங்கே செய்தியில் நீதிமன்றம், சிறை. ‘கட்டற்ற எண்ணிக்கை’: விக்கிப்பீடியாவும் மென்பொருள்காரர்களும் ‘கட்டற்ற’ என்பதை வேறு பொருளில் ஊன்றிவிட்டார்கள். ‘கட்டிலா எண்’ பொருளளவில் நல்ல சொல், சுருக்கமும்கூட, ஆனால் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘கட்டிலா? மெத்தையா?’ என்று பின்வரிசையிலிருந்து கட்டாயம் வரும்.

யாழ்ப்பாணத்து நண்பர் ‘சுயாதீன எண்’ என்றார். இதை எளிதாகத் தள்ள முடியவில்லை, இலங்கைப் புழக்கத்தில் சுயாதீனம் நன்றாக ஊறிய சொல். ஆனால் இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று பாதிக்காமல் இருப்பதையும் அதே சொல்லால்தானே குறிப்பீர்கள்? ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். அங்கே முட்டும்.

அதனால்தான் ஆசிரியை அக்கா முன்வைத்த ‘தெரிவெண்’ பக்கம் சாய்கிறேன். நம் விருப்பத்துக்கு எத்தனை இடத்தை நிரப்பலாம், அதுதான் தெரிவெண். கூடவே, கட்டுப்பாடு என்று நான்கு அசையில் இழுப்பதற்குப் பதில் ‘தளை’ வைத்துக்கொள்ளலாம் என்பது என் பங்கு. யாப்பு படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: வெண்பாவில் காய்ச்சீர் போட்டுவிட்டால் அடுத்த சீர் நேரசையில்தான் தொடங்க வேண்டும், மாச்சீர் என்றால் நிரையில். சொல் உங்களுடையது, ஆனால் முந்தைய சீர் உங்கள் கையைப் பாதி கட்டிவிட்டது. தாய்மொழிப் பாடத்தைத் தேர்வோடு மறந்துவிட்ட நம் பிள்ளைகளுக்கு இது எட்டாது என்பீர்கள். சரி, எட்டாவிட்டாலும் தளை என்றால் கட்டு என்பது தெரியும், போதும்.

மாறக்கூடியவற்றை எண்ணு, தளைகளைக் கழி, மிஞ்சுவது தெரிவெண். இதை மற்றப் பாடங்களிலும் ஓட்டிப் பார்த்தேன்.

வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட் (திரவத்தை அளந்து விடும் குழாய்) அளவு நான்கு முறை எடுக்கிறோம்: 24.8, 25.0, 25.1, 24.9 மில்லிலிட்டர். சராசரி 24.95. விலகல்கள் −0.15, 0.05, 0.15, −0.05. எந்த மூன்றைச் சொன்னாலும் நான்காவது தெரிந்துவிடும், ஏனென்றால் கூட்டினால் பூஜ்யம் வந்தாக வேண்டும். சராசரி ஒரு தளை. தெரிவெண் 3. வர்க்கக் கூடுதல் 0.05ஐ மூன்றால் வகுத்து மூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 0.129, நான்கால் வகுத்திருந்தால் 0.112. நான்கே அளவு இருக்கும்போது இந்த வித்தியாசம் சின்னதில்லை.

நிலைமை விதிக்கும் அதே சொல் ஒட்டுகிறது. கூறுகளிலிருந்து நிலைமைகளைக் கழித்து இரண்டைக் கூட்டு என்பது கிப்ஸின் விதி. வெறும் நீர் மட்டும், திரவமாக மட்டும் இருந்தால் தெரிவெண் 2, வெப்பநிலையும் அழுத்தமும் நம் இஷ்டம். கொதித்துக்கொண்டிருக்கும்போது, அதாவது நீரும் ஆவியும் சேர்ந்து இருக்கும்போது, தெரிவெண் 1: அழுத்தத்தை நீங்கள் சொல்லுங்கள், கொதிநிலையை அது சொல்லும். பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்தால் பூஜ்யம். 273.16 கெல்வின், ஏறத்தாழ 612 பாஸ்கல், பேரத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு புது நிலைமையும் ஒரு தளை என்று சொன்னவுடன், இந்த விதியில் ஏன் ‘கழித்தல்’ வருகிறது என்று வழக்கமாக வரும் கேள்வி எங்கள் வகுப்பில் வரவில்லை.

நிதியியலில் இது தேவையா என்று சந்தேகப்பட்டேன், தேவைதான். 10,000 வெள்ளியை மூன்று பங்குகளில் போடுவதானால் தெரிவெண் 2, மூன்றாவதற்கு மிச்சம்தான். வீட்டுக் கடன் இன்னும் நல்ல உதாரணம். கடன் தொகை, வட்டி, காலம், மாதத் தவணை என்று நான்கு, இவற்றைக் கட்டும் சமன்பாடு ஒன்று, தெரிவெண் 3. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு 3 லட்சம் வெள்ளி, ஆண்டுக்கு 2.6 சதவீதம், 25 ஆண்டு என்று மூன்றையும் சொன்ன பிறகு தவணை சுமார் 1,361 வெள்ளி என்பது கணக்கு சொல்வது. ‘தவணை ஆயிரத்துக்குள் வரட்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்’ என்று ஒரு தம்பி கேட்டார். தெரிவெண் முடிந்துவிட்டது தம்பி, மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் நடக்கும் என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். அப்புறம், ஒரு பங்கின் பீட்டாவை (சந்தை அசையும்போது அந்தப் பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவு) 60 மாத வருவாயிலிருந்து நேர்கோடு போட்டுக் கண்டால், வெட்டும் இடமும் சாய்வும் இரண்டு தளை, மிச்சம் 58.

> தெரிவெண் 17.3 என்று வந்தால் என்ன சொல்வீர்கள்? பதினேழரைக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிவு செய்வதா?

நல்ல இடத்தில் குத்தியிருக்கிறீர்கள் அண்ணா. சிதறல் வேறுவேறாக உள்ள இரண்டு குழுக்களை ஒப்பிடும் வெல்ச் சோதனையில் பின்னம் வருவது உண்மை. இதனால்தான் ‘எண்ணிக்கை’ என்று முடியும் எதையும் நான் எடுக்கவில்லை. எண்ணிக்கை என்றால் முழுதாக இருந்தாக வேண்டும், எண் அப்படி இல்லை. பின்னத்துக்குத் ‘தெரிவு’ என்ற பகுதி பொருந்தவில்லை என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 17.3 சுதந்திரம் என்று ஆங்கிலத்தில் சொன்னாலும் அதே கதிதான். அங்கே அது ஒரு தோராயம், உண்மையான பரவலுக்குப் பக்கத்தில் வரும் டி-பரவலைத் தேடிக் கொடுக்கும் எண், அப்படியே சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒரு விளிம்பு நிலைக்காக நல்ல சொல்லை விட எனக்கு மனமில்லை.

இன்னொன்று, புதுச்சொல் நிலைக்காது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு. உணவங்காடி நிலையம், பெருவிரைவு ரயில், மசே நிதி (மத்திய சேம நிதி) எல்லாம் இங்கே யார் காதிலும் இப்போது உறுத்துவதில்லை. தமிழ் முரசிலும் ஒலி 96.8இலும் தினமும் வருகிறது, பழகிவிட்டது. நம் சொல்லுக்கு அந்த வானொலி கிடைக்காது, கிடைப்பது ஞாயிறு வகுப்பும் விளக்கத் தாளும் மட்டும். அங்கே வாயில் புரளாவிட்டால் எவ்வளவு இலக்கணச் சுத்தமாக இருந்தும் பயனில்லை.

அடுத்த தாளில் ‘தெரிவெண்’, ‘தளை’ இரண்டையும் போட்டு, முதல்முறை வரும் இடத்தில் ‘டிஎஃப்’ என்றும் பக்கத்தில் எழுதப் போகிறேன். அதற்குள் எனக்கு இரண்டு விஷயம் தேவை. நேர்கோட்டுக் கணக்கில் மிஞ்சும் அந்த 58க்கு ‘எச்சத் தெரிவெண்’ சரியா, இல்லை எச்சம் என்றதும் பிள்ளைகள் பெயரெச்சம் வினையெச்சத்துக்குப் போய்விடுவார்களா? இரண்டாவது, மாதிரி எடுப்பதை ‘மாதிரித் தெரிவு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தச் சொல் இடிக்குமா? புள்ளியியல் கற்பிக்கும் யாராவது வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது, சனிக்கிழமை அச்செடுக்க வேண்டும்.

அன்புடன்,
தேக்கா ஞாயிறு வகுப்பிலிருந்து