நார்எபிநெப்ரின் கூடிப்போச்சுன்னு சொன்ன டாக்டரே அதைக் கூட்டுற மாத்திரையை எழுதுவாரா?

தங்கச்சிமடம்_தம்பி:
வணக்கம், எங்க அண்ணனுக்காக கேக்குறேன், வயசு 38, விசைப்படகுல வடகடலுக்கு போறவர். போன ஐப்பசில ராத்திரி வலையை இழுத்துட்டு இருக்கும்போது காத்து திரும்பி போட்டுக்குள்ள தண்ணி ஏறி இஞ்சினும் நின்னு, விடியிற வரைக்கும் வாளியால எறச்சு எறச்சுத்தான் அஞ்சு பேரும் உயிரோட கரை சேந்தாங்க. அதுலருந்து கரையில இருந்தாலும் காத்து கொஞ்சம் பலமா அடிச்சா அவருக்கு நெஞ்சு படபடங்குது, உள்ளங்கை ஜில்லுன்னு வேர்க்குது, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கிறார், பிள்ள டம்ளரை கீழ போட்டா கூட தூக்கிவாரிப் போடுது. ரெண்டு தடவ கடலுக்கு போக டோக்கன் போட்டுட்டு படகு கட்டுற ஜெட்டி வரைக்கும் போயி திரும்பி வந்துட்டார்.

ஈசிஜி, தைராய்டு, ரத்தம் எல்லாம் நார்மல். மனநல டாக்டர், நரம்புல சுரக்குற நார்எபிநெப்ரின்ங்கிற பொருள் அளவுக்கு மீறி வேலை செய்யுதுன்னு சொல்லி வென்லாஃபாக்சின் 37.5 மி.கி. மாத்திரை எழுதினார். வீட்டுக்கு வந்து போன்ல பாத்தா அந்த மாத்திரை நார்எபிநெப்ரினை கூட்டும்னு போட்டுருக்கு! எரியிற அடுப்புல எண்ணெய் ஊத்துற மாதிரி இல்லையா இது? பயந்து மாத்திரை அட்டையை பிரிக்கவே இல்ல. அம்மா ஏர்வாடி தர்காவுக்கு கூட்டிட்டு போவோம்ங்கிறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீழக்கரை_ராத்தா:
தம்பி, நான் ஐசியு நர்ஸ். நீங்க சொல்ற சாமானும் நாங்க நார்அட்ரினலின்னு சொல்றதும் ஒண்ணுதான், பேரு மட்டும் ரெண்டு. உடம்பு முழுக்க கிருமி பரவி பிபி விழுந்து வர்ற பேஷன்ட்டுக்கு சலைன் ஏத்தியும் பிபி நிக்கலைன்னா முதல்ல கை வைக்கிற மருந்து இதுதான், ட்ரிப்ல ஏத்துனா ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிச்சு பிபியை தூக்கி நிறுத்தும், எத்தன உசுர இது புடிச்சு நிறுத்துறத பாத்திருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். அதனால இதை விஷம் மாதிரி நினைக்காதீங்க. நீங்க பாய்லருந்து எந்திரிச்சு நிக்கும்போது தலை சுத்தாம இருக்குறதே நரம்பு நுனியிலருந்து இது வர்றதாலதான். 1946ல ஸ்வீடன்ல உல்ஃப் வான் ஆய்லர்ங்கிறவர் இந்த நரம்புங்க பயன்படுத்துற தூதுப்பொருள் இதுதான்னு காட்டினார், அந்த மாதிரி வேலைக்கு 1970ல நோபல் பரிசுல பங்கும் கெடச்சுச்சு.

மூளைத்தண்டுல நீலப்புள்ளின்னு ஒரு சின்ன இடம் இருக்கு, மூளைக்கு தேவையான நார்எபிநெப்ரின்ல பெரும்பகுதி அங்கருந்துதான் போகுது. விழிப்பு, கவனம், ஆபத்துன்னா உஷாராகுறது எல்லாம் அதோட கையில. அன்னிக்கு ராத்திரி உங்க அண்ணன் விடிய விடிய தண்ணி எறச்சாரே, கை ஓயலையே, அந்த பலத்துல இதுக்கும் பங்கு இருக்கு. இப்ப பிரச்சினை என்னன்னா காத்து சத்தம் கேட்டாலே அதே மணி அடிக்குது. அம்மா மனசையும் நோகடிக்காதீங்க, தர்காவுக்கு போய்ட்டு வாங்க, மாத்திரையையும் கூடவே போடுங்க, துவாவும் தவாவும், அதாவது வேண்டுதலும் மருந்தும், சேந்தே நடக்கட்டும்னுதான் அங்கயே அரசு மனநல சிகிச்சையும் ஏற்பாடு பண்ணிருக்காங்க.

தொண்டி_ஃபார்மசி:
தம்பி கேட்ட கேள்வி நியாயமான கேள்வி, அதுக்கு நேரா பதில் சொல்றேன். வென்லாஃபாக்சின்ங்கிறது, செரடோனின்ங்கிற இன்னொரு தூதுப்பொருள், நார்எபிநெப்ரின் ரெண்டையும் நரம்பு திரும்ப உறிஞ்சிக்காம தடுக்குற மாத்திரை. ஆனா 37.5 மாதிரி கம்மி டோஸ்ல பெரும்பாலும் செரடோனின் பக்கம்தான் வேலை செய்யும், நார்எபிநெப்ரின் பக்கம் நல்லா தெரியிறது 150க்கு மேல போகும்போது. இன்னொண்ணு, அந்த நரம்புலயே ஒரு ப்ரேக் இருக்கு, வெளிய நார்எபிநெப்ரின் கூடி நின்னா நீலப்புள்ளி தான் அடிக்கிற வேகத்தை குறைச்சுக்கும், நாளாக நாளாக மூளை தன்னை சரிபண்ணிக்கிட்டு சும்மா சும்மா மணி அடிக்கிறது கொறையும். அதனால கூட்டுதா குறைக்குதான்னு ஒத்த வரியில பாத்தா புரியாது. பலன் தெரிய ரெண்டுலருந்து ஆறு வாரம் ஆகலாம். முதல் வாரம் குமட்டலோ படபடப்பு கொஞ்சம் கூடுறதோ வரலாம், அதுக்குத்தான் சின்ன டோஸ்ல ஆரம்பிக்கிறாங்க. ரொம்ப தாங்கலைன்னாலோ வாழ்க்கையே வேண்டாம்ங்கிற நெனப்பு வந்தாலோ அன்னிக்கே டாக்டர்ட்ட போகணும், 14416ங்கிற டெலி மானஸ் நம்பர்லயும் எந்நேரமும் பேசலாம்.

பிபி அப்பப்ப பாக்கணும். நாளைக்கு கடலுக்கு போக ஆரம்பிச்சா மாத்திரையை தண்ணி படாம டப்பால போட்டு கையோட கொண்டு போகணும், திடீர்னு விட்டா தலை கிறுகிறுக்கும், தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும், படகுல அது ஆபத்து. சளி மாத்திரை தானா வாங்கிப் போட வேண்டாம், பலதுல ஃபினைல்எஃப்ரின் இருக்கு, அதுவும் ரத்தக்குழாயை இறுக்கும். பீடியும் கடுந்தேத்தண்ணியும் கூட நார்எபிநெப்ரினை கெளப்பி விடும். தண்ணி போடுற பழக்கம் இருந்தா மறைக்காம டாக்டர்ட்ட சொல்லணும், விட்ட மறுநாள் வர்ற கை நடுக்கமும் வேர்வையும் இதே நரம்போட வேலைதான்.

மண்டபம்_வாசி:
புரதத்துல இருக்குற தைரோசின்ங்கிற பொருள்லருந்துதான் இந்த நார்எபிநெப்ரின் உருவாகுது, அதனால முட்டை மீனை கொறச்சா சரியாயிடும்னு ஒரு வீடியோல பாத்தேன், ரத்தத்துல அளவையும் டெஸ்ட் பண்ணிருங்க ப்ரோ.

தொண்டி_ஃபார்மசி:
தயவுசெஞ்சு இப்படி சொல்லாதீங்க. தைரோசின் டோபமைனா மாறி அதுலருந்து நார்எபிநெப்ரின் வர்றது உண்மை, ஆனா எவ்வளவு தயாரிக்கணும்ங்கிறத உடம்பு தானே கட்டுப்படுத்தும், கொழம்புல போட்ட மீன் முடிவு பண்ணாது. கடல்ல ஒழைக்கிற மனுசன்ட்ட மீனை நிறுத்தச் சொல்றது பாவம். மனநிலைக்காக ரத்தத்துல இதை அளக்குறதும் கெடையாது. பிபி திடீர் திடீர்னு எகிறி தலைவலி, வேர்வை, படபடப்பு மூணும் சேந்து வந்தா சிறுநீரகத்துக்கு மேல இருக்குற அட்ரினல் சுரப்பில கட்டி இருக்கான்னு மெட்டாநெஃப்ரின் டெஸ்ட் எடுப்பாங்க, அது வேற விஷயம்.

பாசிக்காரம்மா_பாம்பன்:
நான் படிச்சவ இல்ல தம்பி, மகன் டைப் பண்றான். மரிக்கொழுந்துன்னு சொல்ற கடல்பாசி எடுக்க தீவுப் பக்கம் முங்குறவ. நாலு வருசம் முன்ன நீரோட்டம் இழுத்துட்டுப் போயி ஒரு வழியா தப்பிச்சேன், அதுக்கப்புறம் தண்ணிய பாத்தாலே கை காலு வெலவெலக்கும், உங்க அண்ணனுக்கு இருக்குறது அப்படியே எனக்கும் இருந்துச்சு. எங்க அக்கா விடல. மொத பத்து நாள் கரையில உக்கார வச்சா, அப்புறம் முட்டளவு, அப்புறம் இடுப்பளவு, ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு முகத்த தண்ணிக்குள்ள விட. ஆனா ஒண்ணு, முகம் உள்ள போனதும் நெஞ்சு அடிக்கிறது மெதுவாயிருச்சு, அது ஏன்னு தெரியல.

கீழக்கரை_ராத்தா:
அம்மா, மூச்ச அடக்கி முகத்தை குளிர்ந்த தண்ணிக்குள்ள விட்டதும் வேகஸ்ங்கிற நரம்பு இதயத்த மெதுவாக்கும், அதே நேரம் கை கால்ல இருக்குற ரத்தக்குழாயை நார்எபிநெப்ரின் இறுக்கி ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கி வைக்கும், முங்குற எல்லா மனுசனுக்கும் இது உண்டு. தம்பி, இந்த அம்மாவோட அக்கா மாதிரி நல்ல துணை பக்கத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா பழக்குறாங்களே, அதையே டாக்டருங்களும் சிகிச்சையா பண்றாங்க, மாத்திரையோட சேத்து அதையும் கேட்டுப் பாருங்க.

தங்கச்சிமடம்_தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணனுக்கு எல்லாத்தையும் படிச்சு காட்டினேன். கை ஓயலைன்னு ராத்தா எழுதுனத மட்டும் ரெண்டு தடவ படிக்கச் சொன்னார், அவர் இத்தன நாளா தன்னை கோழைன்னு நெனச்சுக்கிட்டு இருந்துருக்கார். நேத்து ராத்திரி சாப்பிட்டு முதல் மாத்திரை போட்டாச்சு. பாசிக்காரம்மா சொன்ன மாதிரி இந்த வாரம் சாயந்தரம் ஜெட்டில படகு கட்டிக் கெடக்கும்போது நானும் அவரும் அதுல ஏறி சும்மா உக்காந்துட்டு வரலாம்னு இருக்கோம், காத்து கம்மியா இருக்குற நாளா பாத்து.